கொரோனா போய்விட்டது, ரத்தக் குழாய் என்ன ஆயிற்று?

கொரோனா என்றதும் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

காய்ச்சல். இருமல். மூச்சுத் திணறல். ஆக்சிஜன் சிலிண்டருக்காக அலைந்த கூட்டம்.

அதாவது, அது நுரையீரல் வியாதி. மூச்சு சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டால் வியாதி தீர்ந்தது. இப்படித்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பு பாதிதான் சரி.

கொரோனா மூச்சு வழியாகத்தான் உடம்புக்குள் வருகிறது. நுரையீரலில்தான் முதலில் இறங்குகிறது. ஆனால், அதோடு நிற்பது இல்லை. ரத்தக் குழாய்களையும் அது கெடுக்கிறது.

ரத்தக் குழாய் இல்லாத இடம் உடம்பில் எங்கே இருக்கிறது? நகம், முடி போன்ற சிலவற்றைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கிறது. மூளைக்குப் போகிறது. இருதயத்துக்குப் போகிறது. சிறுநீரகத்துக்கும், கால் பெருவிரலுக்கும் போகிறது.

அதனால்தான் கொரோனா வந்தவர்களில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. இன்னொருவருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றொருவருக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. "நெஞ்சுச் சளி வியாதிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று 2020-ம் ஆண்டில் டாக்டர்களே திகைத்தார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

மெல்லிய பூச்சு

வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசி வழவழப்பாக இழைத்துவிட்டால் தண்ணீர் தடை இல்லாமல் ஓடுகிறது. பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் தழை தங்கும், குப்பை சேரும், கடைசியில் அடைத்துக்கொள்ளும்.

ரத்தக் குழாய்க்கு உள்ளேயும் இப்படி ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் எவ்வளவு? உயிர் அணுக்கள் ஒரே ஒரு வரிசைதான்! ஒன்றை ஒட்டி ஒன்றாக, தரையில் ஓடு பதித்த மாதிரி அவை அமைந்திருக்கின்றன.

சிமெண்டுப் பூச்சுக்கு உயிர் இல்லை. இந்தப் பூச்சுக்கு உயிர் உண்டு. அது ஓயாமல் வேலை செய்கிறது.

ஓடும்போது ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. காயம் பட்டால், அந்த இடத்தில் மட்டும் ரத்தம் உறைய வழி விடுகிறது. வேலை செய்யும்போது குழாயை விரிக்கிறது. ஓய்வு எடுக்கும்போது சுருக்குகிறது.

குழாயை விரிப்பதற்கு அந்தப் பூச்சு ஒரு வாயுவை உண்டாக்குகிறது. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. இந்த வாயு ரத்தக் குழாய்க்கு உத்தரவு கொடுக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ராபர்ட் பர்ச்காட், லூயி இக்னாரோ, பெரிட் முராத் ஆகிய 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு, ரத்தக் குழாய் வெறும் குழாய் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

இந்தப் பூச்சைத்தான் கொரோனா கெடுக்கிறது.

கிருமி நேராக அந்த அணுக்களுக்குள் நுழைகிறதா? அல்லது, கிருமியை எதிர்க்க உடம்பு நடத்தும் சண்டையில் பூச்சு பெயர்கிறதா? இதில் டாக்டர்களிடையே வாதம் உண்டு. இரண்டாவதுதான் முக்கிய காரணம் என்று பலர் சொல்கிறார்கள். திருடனை அடிக்கப் போய் வீட்டுச் சாமானை உடைத்த கதைதான்! எப்படி ஆனாலும் உடைந்தது உடைந்ததுதான்.

பூச்சு கெட்டதும் குழாய் வீங்குகிறது. விரியவேண்டிய நேரத்தில் விரிய மறுக்கிறது. காயமே இல்லாத இடத்தில் ரத்தம் உறைகிறது. மிகச் சிறிய குழாய்களில், சிவப்பு அணுக்கள் ஒற்றையடிப் பாதையில் போவதுபோல ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். அங்கே ஒரு சிறு கட்டி நின்றாலும் போதும், பாதை அடைத்துவிடும்.

இறந்தவர்கள் சொன்ன செய்தி

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உயிரோடு இருந்த நோயாளிகள் காட்டிக்கொடுக்காததை, இறந்தவர்களின் உடல்கள் காட்டிக்கொடுத்தன.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில், கொரோனாவில் இறந்த முதல் 12 பேரின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். அந்த அறிக்கை 2020 மே மாதம் வெளிவந்தது.

12 பேரில் 7 பேருக்குக் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்திருந்தது. அவர்கள் உயிரோடு இருந்தபோது அப்படி ஒரு கோளாறு இருக்கும் என்று யாரும் சந்தேகிக்கவே இல்லை. 4 பேர் இறந்ததற்குக் காரணமே அதுதான். காலில் உண்டான கட்டி, ரத்தத்தோடு மேலே போய், இருதயத்தைக் கடந்து, நுரையீரல் குழாயை அடைத்துவிட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில், சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர டாக்டர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்த நோயாளிகளுக்குப் பல உறுப்புகளில் ரத்தக் குழாயின் உள்பூச்சு வீங்கிப்போய் இருந்தது.

இன்னொரு பரிசோதனையும் நடந்தது. கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும், 'புளூ' காய்ச்சலில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய குழாய்களில் உறைந்திருந்த ரத்தக் கட்டிகள், புளூவில் இறந்தவர்களைவிடக் கொரோனாவில் இறந்தவர்களுக்கு 9 மடங்கு அதிகம்!

"கொரோனாவாவது, ஒன்றாவது! எல்லாம் சாதாரண சளிக் காய்ச்சல்தான்" என்று டீக்கடையில் வாதம் செய்தவர்கள் உண்டு. இப்போதும் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

காய்ச்சல் விட்ட பிறகு?

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கு இப்படி ஆனது சரி. பிழைத்து வந்தவர்களுக்கு என்ன?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 4 கோடியே 80 லட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 14 லட்சம் பேருக்கு 2020-ம் ஆண்டில் கொரோனா வந்திருந்தது. நோய் தெரிந்த முதல் வாரத்தில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து மற்றவர்களைவிட 21 மடங்கு இருந்தது. பிறகு அது மளமளவென்று குறைந்தது. ஆனால், ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. கால், நுரையீரல் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து 6 மாதங்கள் கழிந்த பிறகும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

சுவீடன் நாட்டிலும் 10 லட்சம் நோயாளிகளுக்கு மேல் கணக்கு எடுத்தார்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து 3 மாதம் வரை நீடித்தது. நுரையீரல் குழாய் அடைக்கும் ஆபத்து 6 மாதம் வரை நீடித்தது. 2022-ல் இது வெளிவந்தது.

"10 மடங்கு, 20 மடங்கு" என்றதும் பயந்துவிடக் கூடாது. சிறிய தொகையை 20 மடங்கு ஆக்கினாலும் அது சிறிய தொகையாகவே இருக்கலாம். சுவீடன் கணக்குப்படி, நோய் வந்த முதல் மாதத்தில் நுரையீரல் குழாய் அடைத்துக்கொண்டவர்கள் ஆயிரம் பேரில் 2 பேருக்கும் குறைவு. மீதிப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயினும், கொரோனா வந்தவர்கள் ஒரு ஊர் இரண்டு ஊர் அல்ல. உலகம் முழுவதும் வந்தது. ஆயிரத்தில் ஒன்று என்றாலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஆகிவிடுகின்றன.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொரோனா வந்த ஒன்றரை லட்சம் பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். இருதய நோய், பக்கவாதம், ரத்தக் கட்டி எல்லாம் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாக வந்தன. ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் கஞ்சி குடித்துத் தேறியவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

அந்த ராணுவத்தினரில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். "அப்படியானால் பெண்களுக்குப் பயம் இல்லை" என்று யாராவது சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த செய்தி அதையும் கலைத்துவிட்டது.

5 வயது கூடிய குழாய்

பாரீஸ் நகர டாக்டர்கள் தலைமையில் 16 நாடுகளில் 2,390 பேரைப் பரிசோதித்தார்கள். கழுத்தில் தெரியும் நாடித் துடிப்பு, தொடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள்.

இதில் என்ன தெரியும்? இளமையான குழாய் ரப்பர் மாதிரி நெகிழும். அதில் துடிப்பு மெதுவாகப் போகும். வயது ஏற ஏறக் குழாய் விறைக்கும். விறைத்த குழாயில் துடிப்பு வேகமாக ஓடும். ஆகவே, வேகத்தைப் பார்த்துக் குழாயின் வயதைச் சொல்லிவிடலாம்.

கொரோனா வந்து 6 மாதம் ஆன பெண்களின் ரத்தக் குழாய், அது வராத பெண்களின் குழாயைவிட விறைப்பாக இருந்தது. லேசாக வந்து போனவர்களுக்கே ஏறக்குறைய 5 வயது கூடியது போன்ற விறைப்பு! தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆண்களுக்கு இவ்வளவு தூரம் இல்லை.

விறைத்த குழாய் வலிக்காது. காட்டிக்கொடுக்காது. ரத்தக் கொதிப்பை மெதுவாக ஏற்றும். என்றைக்கோ ஒருநாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ வெளியே வரும்.

ஆறுதலான செய்தியும் அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. ஒரு வருஷம் ஆனபோது பலருக்கு விறைப்பு மேலும் கூடவில்லை. கொஞ்சம் குறைந்தும் இருந்தது. தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பொதுவாக விறைப்பு குறைவு.

ஊசியின் மேல் பழி

தடுப்பு ஊசி என்றதும் பலருக்குக் கோபம் வருகிறது. யாராவது ஒரு வாலிபர் திடீர் என்று விழுந்து இறந்தால், "எல்லாம் அந்த ஊசியால் வந்தது" என்று மறுநாளே சொல்லிவிடுகிறார்கள். கைபேசியில் அது ஊர் ஊராகப் பரவுகிறது.

உண்மையை ஒளிக்கவேண்டியது இல்லை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்ட 'கோவிஷீல்டு' வகை ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்தது. 2021-லேயே டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சில நாடுகள் இளம் வயதினருக்கு அந்த ஊசியை நிறுத்தி, வேறு ஊசி கொடுத்தன. அப்படிப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு "அரிது" என்ற வார்த்தை ஆறுதல் ஆகாது. இந்த அபாயத்தை ஜனங்களிடம் அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தால், பின்னால் இவ்வளவு வதந்திக்கு இடம் இருந்திருக்காது.

ஆனால், திடீர் மரணங்களுக்கு எல்லாம் ஊசிதான் காரணமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய்ந்தது. 47 ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்தன. 18 வயது முதல் 45 வயது வரை உள்ளவர்களில் காரணம் தெரியாமல் திடீர் என்று இறந்த 729 பேரைப் பற்றி விசாரித்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது.

ஊசியால் அந்த ஆபத்து கூடவில்லை. 2 ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது.

வேறு எது ஆபத்தைக் கூட்டியது? கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. குடும்பத்தில் முன்பே யாராவது திடீர் என்று இறந்திருந்தது. இறப்பதற்கு முந்தைய 2 நாட்களில் அளவு மீறிக் குடித்தது. உடம்பை மிகவும் வருத்தும் கடும் பயிற்சி.

ஊசியைத் திட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலில் முதலில் இருப்பதைப் பார்க்கவேண்டும். நோயை மறந்துவிட்டு, நோயைத் தடுத்ததைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

தானாக மாத்திரை போடலாமா?

கூடாது! இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும்.

2021-ல் இரண்டாவது அலை வந்தபோது, 'டி-டைமர்' என்ற ரத்தப் பரிசோதனையின் பெயர் சாதாரண ஜனங்கள் வாயிலும் புகுந்தது. காகிதத்தில் ஓர் எண் அதிகமாக இருந்தால் வீடே நடுங்கியது. பலர் மருந்துக் கடையில் கேட்டு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையைத் தாங்களாகவே விழுங்கினார்கள்.

அந்த மாத்திரை இரு பக்கமும் கூர் உள்ள கத்தி. உறைவதைத் தடுக்கும், வயிற்றிலோ, மூளையிலோ ரத்தம் கசியவும் வைக்கும். இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியில் இருந்த ஏறக்குறைய 15 ஆயிரம் கொரோனா நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர் இழப்பு குறையவில்லை. 'ஹெப்பாரின்' ஊசியைக்கூட, இன்ன நிலையில் உள்ள நோயாளிக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று பிறகு தெரிந்தது. நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு அதிக அளவு ஹெப்பாரின் பலன் தந்தது. மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்குத் தரவில்லை. பெரிய டாக்டர்களே தடுமாறிய இடத்தில் பக்கத்து வீட்டு யோசனை எதற்கு?

ஏற்கனவே இருதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடவும் கூடாது.

செய்யவேண்டியது என்ன?

புதிதாக ஒன்றும் இல்லை. ரத்தக் குழாயைக் கெடுக்கும் பழைய விரோதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, பீடி, சிகரெட், புகையிலை. கொரோனா அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வந்து போன கொரோனாவைத் திருப்பி அனுப்ப முடியாது. மற்றவற்றைக் கட்டுப்படுத்தலாம்.

சிகரெட்டை விடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது! நடப்பது, உப்பைக் குறைப்பது எல்லாம் காசு செலவு இல்லாத வைத்தியம்.

சில அறிகுறிகளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால், அது சுளுக்கு என்று உருவிவிடக் கூடாது, கட்டி நகர்ந்துவிடும். டாக்டரிடம் காட்டவேண்டும். திடீர் என்று மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் '108' வண்டியைக் கூப்பிடவேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் அதே வண்டிதான். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

சர்க்காருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ந் தேதி, கொரோனா அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. அதோடு சர்க்கார்களும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டன. யாருக்கு நோய் வந்தது, யார் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்ற விவரம் எல்லாம் அன்று எழுதப்பட்டது. இன்று சிகிச்சை தரும் டாக்டர் முன்னால் அந்த விவரம் இல்லை.

தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்வது கஷ்டம் அல்ல. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. ஊழியர்கள் வீடு தேடிப் போய், ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுக்கும் முறை அப்போது வந்தது. கொதிப்பு பார்க்கும் கருவியை ஒருவர் கையில் கட்டும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்: "உங்களுக்குக் கொரோனா வந்ததா? ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?" பதிலை அவருடைய சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும். ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்றால் அவரை வருஷத்துக்கு ஒரு முறைக்குப் பதிலாக இன்னும் அடிக்கடி கவனிக்கலாம்.

கேட்கும்போது வீட்டுப் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது நல்லது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதைப்போல, எல்லோரும் பரிசோதனை செய்துகொண்ட பிறகுதான் அவர்கள் கையை நீட்டுகிறார்கள். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிப் பல வீடுகளில் நீட்டாமலே போய்விடுகிறார்கள். கொரோனா வந்தபோதும் அவர்களில் பலர் காய்ச்சலோடு சமைத்தவர்கள். பரிசோதனையே செய்துகொள்ளாததால் அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்களுக்கு, "கொரோனா வந்ததா?" என்ற கேள்வி போதாது. "2020, 2021-ல் சில நாள் காய்ச்சல் வந்து, வாசனையும் ருசியும் தெரியாமல் போனதா?" என்று கேட்டால்தான் பதில் வரும்.